கைவிட்ட குவாரியில் ஒரு பேட்டரி

ஒரு யூனிட் மின்சாரத்தைத் தண்ணீரில் சேமித்து வைக்க வேண்டுமானால், 1,000 லிட்டரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதாவது ஒரு டன் தண்ணீரை ஈஃபிள் கோபுரத்தின் உச்சியையும் தாண்டி ஏற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேட்டால் கட்டுப்படியாகாத வேலை போலத்தான் இருக்கும். ஆனால் ஏரிகளில் தண்ணீர் கோடிக்கணக்கான லிட்டர் கிடக்கிறதே! அந்தத் துணிச்சலில்தான் நீரேற்று மின்நிலையங்கள் நிற்கின்றன.

அமைப்பு எளிது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று, நடுவே மலையைக் குடைந்த சுரங்கக் குழாய். வெயிலும் காற்றும் மிஞ்சும் நேரத்தில் மின்சாரம் மலிவு. அப்போது தண்ணீரை மேலே ஏற்றிவிடுவார்கள். மாலையில் தேவை எகிறும்போது திறந்துவிடுவார்கள். பெரும்பாலும் பம்பும் டர்பைனும் ஒரே இயந்திரம்தான்; ஒரு பக்கம் சுற்றினால் ஏற்றும், மறுபக்கம் சுற்றினால் மின்சாரம் தரும். 100 யூனிட் போட்டால் 75 முதல் 80 யூனிட் வரை திரும்பி வரும். மீதி உராய்விலும் வெப்பத்திலும் போய்விடும். ஆக, இது மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இடமல்ல, பத்திரப்படுத்தும் இடம்.

உயரம் இரண்டு மடங்கானால் அதே மின்சாரத்துக்குப் பாதித் தண்ணீர் போதும். குழாயும் நீர்த்தேக்கமும் சிறுக்கும், செலவும் குறையும். அதனால் இடம் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது உயரத்தை. ஆறு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒருமுறை நிரப்பிய தண்ணீரே மேலும் கீழும் போய்வரும், ஆவியாவதையும் கசிவதையும் ஈடுகட்டினால் போதும். ஆற்றை விட்டு விலகிய இத்தகைய இடங்களை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வரைபடத்தில் தேடியபோது உலகெங்கும் 6 லட்சத்துக்கும் மேல் தேறின. எல்லாம் கட்டத் தகுந்தவை என்று அர்த்தமில்லை. ஆனால் மேடும் பள்ளமும் தவிர வேறெதுவும் இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஊர்களுக்கு அந்த மேடு பள்ளமே சொத்தாகலாம்.

பிரிட்டனின் வேல்ஸில் உள்ள டினோர்விக் அப்படி ஓர் இடம். அங்கே பலகைக்கல் குவாரி 1969இல் மூடியது. 1974இல் அதே மலையைக் குடையத் தொடங்கி, 1984இல் 1,728 மெகாவாட் நிலையத்தைத் திறந்தார்கள். டிவியில் பிரபலமான நிகழ்ச்சி முடிந்ததும் நாடே எழுந்து டீக்குக் கெட்டிலைப் போடும். அந்த திடீர் இழுவையைச் சமாளிப்பது இதன் பேர்போன வேலை. தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே சுழன்று காத்திருக்கும் டர்பைன்கள், வால்வு திறந்த 12 நொடியில் 1,320 மெகாவாட் வரை எட்டிவிடும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிட்ஸ்டன் தங்கச் சுரங்கம் 2001இல் மூடியது. அங்கே மிஞ்சிய இரண்டு பெருங்குழிகளையே மேல், கீழ் நீர்த்தேக்கங்களாக்கி 250 மெகாவாட் திட்டம் எழுந்தது. முழுதாக நிரப்பினால் 8 மணி நேரம் தாங்கும். குழி தயாராகக் கிடைத்துவிட்டது. ஆனால் மின்சாரத்தைக் கொண்டுபோக சுமார் 186 கி.மீ. புது மின்தடம் போட வேண்டியிருந்தது. ஒதுக்குப்புறமான இடம் என்றால் நிலம் எளிதாகக் கிடைக்கும், கம்பி நீளும்.

வட்டார வளர்ச்சி என்று பேசுபவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிப்பது நல்லது. மலையைக் குடைந்து நிலையம் கட்டும் ஆண்டுகளில் வேலை குவியும். ஓடத் தொடங்கியதும் விரல்விட்டு எண்ணும் ஆட்களே போதும். ஆகவே உள்ளூர்க்காரருக்குத் தொழிற்பயிற்சி, சாலை, ஆண்டுதோறும் வருவாயில் பங்கு, இவற்றையெல்லாம் முதல் வெடி வைப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். பாறை உடைந்த பிறகு பேரம் பேச ஊர் கையில் எதுவும் இருக்காது. கூடவே, முதல் நிரப்பலுக்கான தண்ணீரை யார் பங்கிலிருந்து எடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும், வறண்ட பகுதியாக இருந்தால் அதையே முதலில்.

டினோர்விக்கில் சுமார் 16 கி.மீ. சுரங்கப்பாதைகளும் டர்பைன் கூடமும் மலைக்குள்ளேயே அடங்கிவிட்டன. வெளியே நிற்பவர் கண்ணில் படுவது, ஏரியின் கரையில் காலையில் நனைந்திருந்த பாறை மாலையில் காய்ந்திருப்பது மட்டும்தான்.