"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாமா சார்?" – பெட்டி கேஸும் லைசென்ஸும்

ஜார்ஜ் டவுன் கோர்ட் வராந்தாவில் காலை பத்தரை மணிக்கு நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கேட்பவன் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையனாக இருப்பான். கூடவே அம்மாவும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். "ஒத்துக்கிட்டா ஆயிரம் ரூபா ஃபைனு, மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்றாங்க. எதுக்கு சார் வாய்தா வாய்தாவா அலையணும்?" அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வாய்தா என்றால் ஒருநாள் கூலி போச்சு.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, நீ என்ன வேலைக்குப் போகலாம்னு இருக்க?"

கப்பல் வேலை, துறைமுகத்தில் கன்டெய்னர் டிரைவர், போலீஸ் தேர்வு, செக்யூரிட்டி கம்பெனி, சட்டக் கல்லூரி என்று பதில் வரும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் நாடிப் போகும் இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு லைசென்ஸோ, பாஸ்போர்ட்டோ, பாஸோ, போலீஸ் சான்றோ தேவைப்படுகிறது. அந்த ஆயிரம் ரூபாய் ஃபைன் அங்கே போய் நிற்கும்.

மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் ஃபைன், சட்டத்தின் கணக்கில் ஒரு தண்டனைத் தீர்ப்பு. ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் கன்விக்‌ஷன் இல்லை என்று ஆகிவிடாது. தெருவில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதாக 1888 ஆம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75 ஆம் பிரிவில் போடும் கேஸுக்கும் இது பொருந்தும். நம் ஏரியாவில் அதை "75 கேஸ்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். கோர்ட் பதிவேட்டில் அது உட்கார்ந்திருக்கும்.

இருபது ரூபாய் ஃபைனில் வேலை போன கதையும் உண்டு. ஹரியானாவில் கடைநிலை அரசு ஊழியர் ஒருவர், ஆபாசமாக நடந்துகொண்டதாக இந்திய தண்டனைச் சட்டம் 294 ஆம் பிரிவில் போடப்பட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு இருபது ரூபாய் கட்டினார். அதைக் காரணம் காட்டி அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 294 என்றாலே ஒழுக்கக்கேடான குற்றம் (இயல்பிலேயே கீழ்த்தரமான செயல்) என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். இரண்டாயிரம் ரூபாய் வரையிலான சில்லறை அபராதங்களுக்காக ஒருவரின் வேலை பறிபோகக் கூடாது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்படி ஒரு பொதுச் சட்டம் இன்றுவரை வரவில்லை. இருபது ரூபாய் விவகாரத்துக்கு டெல்லி வரை போய் ஜெயிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

சரி, எல்லா கன்விக்‌ஷனும் எல்லா லைசென்ஸையும் கெடுக்குமா? கெடுக்காது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் அளவுகோல். பாஸ்போர்ட் சட்டம் கிடைத்த தண்டனையைப் பார்க்கிறது: ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டிருந்தால், அந்தத் தீர்ப்பு விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் வந்திருந்தால் கணக்கில் வரும். ஆனால் 2005 ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம் வேறு மாதிரி. செக்யூரிட்டி ஏஜென்சி நடத்த லைசென்ஸ் கேட்பவருக்கு எவ்வளவு தண்டனை கொடுத்தார்கள் என்று அது பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் என்ன தண்டனை எழுதியிருக்கிறது என்று பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை என்று இருந்தால், நீங்கள் வெறும் ஃபைன் கட்டிவிட்டு வந்திருந்தாலும் சிக்கல்தான். வழக்கறிஞராகப் பதிவு செய்ய 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஏ பிரிவு தடை போடுகிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆன பிறகு அந்தத் தடை விலகும். பார்மசிஸ்ட் என்றால், எந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தாலும், இவர் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று மாநில பார்மசி கவுன்சிலின் நிர்வாகக் குழு கருதினால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருமுறை தண்டனை பெற்ற கடைக்காரர் அதே குற்றத்தில் மறுபடி தண்டனை பெற்றால் உரிமம் ரத்து.

டிரைவர்கள் விஷயத்தில் ஆபத்து இன்னும் சீக்கிரம் வருகிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலோ மணலி பக்கமோ ஒரு டிரெய்லர் விபத்தில் உயிர் போய்விட்டால், கோர்ட் தீர்ப்புக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 19 ஆம் பிரிவில், டிரைவர் தரப்பைக் கேட்காமல் லைசென்ஸில் கை வைக்க முடியாது. உத்தரவு வந்துவிட்டால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நடப்பது என்னவென்றால், "ஓனர் பார்த்துக்குவார்" என்று நோட்டீஸை டாஷ்போர்டில் செருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் வழக்கைத்தான் ஓனர் பார்த்துக்கொள்வார். உங்கள் லைசென்ஸுக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிய கேஸையும் கோர்ட்டில் ஃபைன் கட்டியதோடு தலைமுழுகிவிட்டதாக நினைக்காதீர்கள். அபராதம், சிறை இரண்டும் போக, வண்டி ஓட்டவே கூடாது என்று தகுதிநீக்கம் செய்யும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு.

அப்படியானால் ஒப்புக்கொள்ளாமல் வேறு என்னதான் செய்வது என்று அந்த அம்மா கேட்பார். வழிகள் இருக்கின்றன. தெருச் சண்டை, சாதாரணக் காயம் மாதிரியான கேஸ்களில் பெரும்பாலும் எதிர்த்தரப்பும் பக்கத்துத் தெருக்காரர்தான். சட்டம் சமரசத்துக்கு இடம் கொடுக்கும் குற்றமாக இருந்தால், சமரசமாகப் போவதற்கு விடுதலைக்கு உரிய பலன் உண்டு. ஃபைன் கட்டுவதற்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குற்றம் நிரூபணமானாலும், 1958 ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில் எச்சரித்தோ பத்திரம் எழுதி வாங்கியோ விடும்படி கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, தண்டனையால் ஒட்டிக்கொள்ளும் தகுதியிழப்பை நீக்கிவிடுகிறது. வழக்கறிஞர் பதிவுக்கான தடையும் இப்படி விடப்பட்டவருக்கு இல்லை. ஆனால் ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் மீது துறை நடவடிக்கை வருவதை 12 ஆம் பிரிவு தடுக்காது. முதல் முறை சிக்கிய பையனுக்கு இதைக் கேட்காமல் விடுகிற வக்கீல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்பீல் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. "தண்டனையை நிறுத்தி வெச்சுட்டாங்க" என்று நிம்மதியாக இருப்பார்கள். நின்றது சிறைத் தண்டனை மட்டும்தான். நீங்கள் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதையும் நிறுத்தி வைக்கும்படி, தீர்ப்பால் தொழில் எப்படிப் பறிபோகும் என்று குறிப்பாக எடுத்துச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். கோர்ட் அதை லேசில் கொடுப்பதில்லை, லஞ்ச வழக்குகளில் இன்னும் அபூர்வம்.

கேஸைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது விண்ணப்பப் படிவம். மத்திய அரசு வேலைக்கான உறுதிமொழிப் படிவத்தில் எப்போதாவது கைதானீர்களா, வழக்கு நடந்ததா, பாண்ட் எழுதிக் கொடுத்தீர்களா, அபராதம் கட்டினீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று வரிசையாகக் கேட்பார்கள். பழைய கேஸ்தானே, யாருக்குத் தெரியும் என்று "இல்லை" போட்டுவிடுகிறான் பையன். வெரிஃபிகேஷன் ஸ்டேஷனுக்குப் போகிறது, அங்கே இருக்கிறது. 2016 இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, மிகச் சின்ன கேஸை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னித்து விடலாம். உள்ளதைச் சொன்னவரையும் பரிசீலித்து எடுக்கலாம், மறுக்கலாம். எழுதிவிட்டால் வாதாட நமக்கு இடம் இருக்கிறது. மறைத்த பிறகு கேஸே பின்னால் போய், பொய் சொன்னதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

தமிழ்நாடு போலீஸ் தேர்வு எழுதுபவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. அந்த விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரும் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008 இல் இதை உறுதி செய்திருக்கிறது. சமரசமாகப் போனவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. டெல்லி போலீஸ் வேலை பற்றிய மெஹர் சிங் வழக்கில் 2013 இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட விடுதலையை ஏற்கவில்லை. ஆகவே காக்கிச் சட்டை கனவு இருக்கிற பையனிடம், முடிந்தால் கேஸை நடத்தியே சுத்தமான விடுதலை வாங்கு என்றுதான் சொல்வேன். வாய்தாவுக்கு அலைச்சல்தான், வேறு வழி இல்லை.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்த விஷயம் என்றால் கதை வேறு. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 24 ஆம் பிரிவின்படி, சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்த வழக்கு எந்தத் தகுதியையும் பறிக்காது. கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் சம்பவம் நடந்த அன்று வயது என்ன என்பதற்கான பள்ளிச் சான்றைத் தொலைக்காதீர்கள்.

கேஸ் எப்படி முடிந்திருந்தாலும், தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போட்டு வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் பழைய சி.சி. நம்பரை (கோர்ட் வழக்கு எண்ணை) தேடி ரெக்கார்டு ரூமில் நிற்பது பெரும்பாடு. விடுதலையான பிறகும் போலீஸ் சான்றில் கேஸ் நிலுவை என்று வந்தால், அந்த நகலை வைத்து ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகத் திருத்தம் கேளுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.