வீரமாத்திக் கல்லைப் பெயர்க்கச் சொன்னால்

காங்கேயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கம் ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரத்தில் ஏதாவது ஒரு பழைய கல் குறுக்கே நிற்கும். புலியோடு மோதிச் செத்தவனுக்கு வைத்த புலிக்குத்திக் கல்லாக இருக்கும், சண்டையில் மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல்லாக இருக்கும். அப்படிப்பட்ட கற்களின் எழுத்தைப் படியெடுப்பதும், உடைந்ததை ஒட்டுவதும், இடம் மாற்றும்போது கூடவே நின்று சேதமில்லாமல் இறக்குவதும் என் தொழில். "இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறதுங்க?" என்றுதான் முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது படித்த பிள்ளைகள் வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: "இந்தக் கல் பொது இடத்தில் இருக்கலாமா?"

கேட்கப்படுவது பெரும்பாலும் வீரமாத்திக் கல்லைப் பற்றித்தான். சண்டையில் செத்த வீரனோடு அவன் மனைவியும் தீயில் மாண்டதைச் சொல்லும் கல் அது. வீரன் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். வளையல் போட்ட வலது கை மேலே உயர்ந்திருக்கும். தலைக்கு மேல் சூரியனும் பிறையும் இருக்கும், அவை உள்ளவரை இந்தப் புகழ் நிற்கும் என்பதற்காக. சில ஊர்களில் தீப்பாய்ந்த அம்மன் என்பார்கள். கொங்கில் பல குடும்பங்கள் இன்றும் வீரமாத்திக்குப் பொங்கல் வைக்கின்றன.

பெண் உருவத்தைப் பார்த்ததும் வீரமாத்தி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நடுகற்களின் மேல் அடுக்கில் வீரனை இரு பக்கமும் தாங்கி விண்ணுலகம் கொண்டுபோகும் தேவமகளிர் இருப்பார்கள். அவர்களைச் சதியோடு, அதாவது உடன்கட்டை ஏறிய பெண்ணோடு, குழப்பிக்கொண்டு ஒரு கல்லுக்காக ஊரே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு வேலையில், வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி நின்ற கல்லைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி நேராகவே கேட்டாள்: "ஒரு பொம்பளைய உசுரோட எரிச்சதுக்கு எதுக்குங்க பூவும் பொட்டும்? எடுத்துப் போடுங்க." தினமும் அங்கே விளக்கு வைக்கும் பெரியம்மா கோபப்படவில்லை. "எரிச்சாங்களோ, அவளா எறங்குனாளோ, ஆரு கண்டா அம்மணி? எங்க மாமியா தண்ணி ஊத்துனாங்க, நானும் ஊத்தறன்." "அவ பேராச்சும் தெரியுமாங்க ஆத்தா?" தெரியாது. மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணீர்விட்டு மெல்ல எடுத்துப் படித்துப் பார்த்தேன். வீரன் பெயர் இருந்தது, அவன் அப்பன் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது. கல்லை நட்டவர்கள் அவளிடம் கேட்டு நடவில்லை. அப்படியிருந்தும் கல்லை எடுத்துப் போடுவதை நான் எதிர்க்கிறேன். சதி என்றதும் வங்காளம், ராஜஸ்தான், ராஜாராம் மோகன்ராய் என்று படித்துவிட்டு, அதெல்லாம் வடக்கே நடந்தது, நம்ம பக்கம் இல்லை என்று நினைத்தபடியே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இல்லை, இங்கேயும் நடந்தது, இந்த மேட்டுக் காட்டிலேயே நடந்தது என்று சொல்ல நமக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இந்தக் கல்தான். அதைப் பெயர்த்து ஓடையில் போட்டால் கொடுமை அழியாது. கொடுமை நடந்ததற்கான தடயம்தான் அழியும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1829 டிசம்பரில் வங்காளத்திலும், 1830-ல் சென்னை மாகாணத்திலும் சதி தடை செய்யப்பட்டது. அப்புறமும் 1987 செப்டம்பர் 4 அன்று ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் என்ற இளம்பெண் எரிந்துபோனாள். அதன்பின் வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சதியைப் போற்றுவதையே குற்றமாக்கியது. சதியில் இறந்தவருக்குப் பெருமை சேர்க்கவோ அவர் நினைவைக் காக்கவோ வழிபாடோ சடங்கோ நடக்கும் கோயிலையும் கட்டுமானத்தையும் அகற்ற அதன் 7-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. இருபது வருஷத்துக்குக் குறையாமல் இருப்பது என்றால் மாநில அரசும், மற்றதற்குக் கலெக்டரும் உத்தரவிட வேண்டும். ஊர்த் தலைவரோ, கான்ட்ராக்டரோ, இளைஞர் மன்றமோ தானாகக் கடப்பாரை எடுக்க அதில் இடமில்லை. அந்தப் பிரிவு பார்ப்பது அங்கே நடக்கும் பெருமைப்படுத்தலை என்பது என் வாசிப்பு. தீயில் இறங்கியதைப் புகழ்ந்து மைக் கட்டி விழா எடுத்தால் அது நிற்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இதே பதில்தான் என்று சொல்லமாட்டேன். சென்னை மவுண்ட் ரோட்டில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கர்னல் நீலின் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியில் அலகாபாத், கான்பூர்ப் பக்கம் கண்மூடித்தனமாகத் தூக்கில் போட்டவனுக்கு, அவன் ஆட்சியே நம் தெருவில் வைத்த மரியாதை அது. 1927-ல் போராட்டம் நடந்தது, தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி அரசு சிலையை எடுத்தது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்தது சரி, உடைக்காமல் வைத்திருப்பதும் சரி.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வணிகர் கோல்ஸ்டன் சிலையை 2020 ஜூன் 7 அன்று கூட்டம் இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. வெளியே எடுத்தவர்கள் மேலே அடித்திருந்த பெயின்ட்டைச் சுரண்டவில்லை, உதிராமல் பாதுகாத்தார்கள். அருங்காட்சியகத்தில் நிமிர்த்தாமல் படுத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். 1895-ல் சிலை வைத்த கதையும் 2020-ல் அது விழுந்த கதையும் ஒரே பொருளில் நிற்கின்றன. என் தொழிலில் இதைவிட நேர்மையான வேலையை நான் பார்த்ததில்லை.

நம் பக்கமோ 2020 ஜூலையில் கோவை சுந்தராபுரத்தில் பெரியார் சிலைமேல் காவிச் சாயம் ஊற்றினார்கள். எத்தனையோ ஊர்களில் தலைவர்கள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். ரோட்டிலும் நடைபாதையிலும் புதிய சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே சொன்னது. ஒரு சிலை வேண்டாம் என்றால் பகலில் கூட்டம் போட்டு, மனு கொடுத்து, தீர்மானம் எழுதி எடுக்க வேண்டும். ராத்திரியில் சாயம் ஊற்றுகிறவனும் ராத்திரியில் கிரேன் கொண்டுவருகிறவனும் ஊரை வாயடைக்கிறார்கள்.

பழங்கல்லை நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், நகர்த்துமுன் பதிவு செய்யுங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ சாய்ந்த வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். எந்தத் திசை பார்த்து நின்றது, எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்று எழுதி வையுங்கள். மண் ஏறி மூடிய அடிப்பாகத்தில் கடைசி வரிகள் இருக்கக்கூடும் என்பதால் கையால் மண்ணைத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஜேசிபி பக்கெட்டைக் கல்லில் படவிடாதீர்கள். பெல்ட் கட்டி, செயின் பிளாக்கில் தூக்கி, லாரியில் மணல் பரப்பிப் படுக்க வையுங்கள். ஆசிட், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது, எனாமல் பெயின்ட் மூன்றும் எழுத்தைத் தின்றுவிடும். மண்ணுக்குள்ளிருந்து புதிதாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும். கோவையிலும் ஈரோட்டிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. ஆனால் ஊருக்குள்ளேயே இடம் இருந்தால் ஊரில் வைப்பதே மேல். நின்ற மண்ணைவிட்டுப் போன கல் பாதிக் கதையை இழந்துவிடும்.

வீரமாத்திக் கல் என்றால் பக்கத்தில் ஒரு பலகை கட்டாயம் வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது: "கணவன் இறந்தபோது தீயில் மாண்ட பெண்ணின் கல். அவள் பெயர் இதில் இல்லை. விரும்பி இறங்கினாளா, இறக்கப்பட்டாளா என்பதைக் கல் சொல்லவில்லை. இந்த வழக்கம் சென்னை மாகாணத்தில் 1830-ல் தடை செய்யப்பட்டது. இன்று இதைச் செய்வதும் போற்றுவதும் குற்றம்." பள்ளிக்கூடப் பிள்ளை நின்று படிக்கும் உயரத்தில் இருக்கட்டும். கம்பத்துக்குக் குழியைக் கல்லிலிருந்து நான்கடியாவது தள்ளித் தோண்டுங்கள், அடிமண் கலைந்தால் கல் சாய்ந்துவிடும்.