கறுப்பு வெள்ளையில் காணாமல் போகும் சூரியன்

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 'மனப்பதிவு, சூரியோதயம்' ஓவியத்தின் சட்டமிட்ட பிரதி ஒன்றை வாங்க நினைக்கும் வாசகி ஒருவர், நல்ல அச்சை எப்படி இனம்காண்பது என்று கேட்டிருக்கிறார். கேன்வாஸா தாளா, சட்டம் தேக்கா என்பதெல்லாம் பிறகு. முதலில் சூரியனைப் பாருங்கள்.

1872 என்று தேதியிட்ட இந்த ஓவியம் பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தைக் காட்டுகிறது. நீலச்சாம்பல் மூட்டம், சிறு படகுகள், ஓர் ஆரஞ்சு வட்டம். பாரிஸ் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் உள்ள அசல் 48 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம்தான். அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தால் லேசாகத் துடிப்பதுபோல இருக்கும்.

ஏன் என்பதற்கு ஹார்வர்டு நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் தரும் விளக்கம் எனக்கு எப்போதும் அலுக்காது. கண் அனுப்புவதை மூளை இரு தடங்களில் அலசுகிறது. 'என்ன' தடம் நிறத்தையும் உருவத்தையும் கவனிக்கும். 'எங்கே' தடத்துக்கு இடம், அசைவு, ஆழம் ஆகியவை பொறுப்பு. பரிணாமத்தில் இதுவே மூத்தது. ஆனால் அதற்கு நிறம் தெரியாது, வெளிச்ச வேறுபாடு மட்டுமே தெரியும். மோனேயின் சூரியனும் அதைச் சுற்றிய வானமும் நிறத்தில்தான் வேறு. வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. முதல் தடம் 'இதோ சூரியன்' என்கிறது. இரண்டாவது தடமோ அங்கே வெறும் மூட்டத்தைத்தான் காண்கிறது. சூரியன் இருப்பது தெரிகிறது, நிற்கும் இடம் பிடிபடவில்லை. அந்தத் தடுமாற்றம்தான் துடிப்பு. நிஜச் சூரியன் வானத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. மோனே அதை மங்கவைத்தே உயிரூட்டியிருக்கிறார்!

அச்சில் கெடுவதும் இங்கேதான். படம் மங்கலாக இருக்கிறதே என்று யாரோ சூரியனைச் சற்று வெளிச்சமாக்கிவிடுவார்கள். நான் முதலில் வாங்கிய பிரதியில் அது பொரித்த முட்டையின் மஞ்சள் கருவாக அசையாமல் கிடந்தது.

சோதனை எளிது. நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாமல் கைப்பேசியில் படமெடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். சூரியன் ஏறத்தாழ மறைந்துவிட்டால் தயங்காமல் வாங்கலாம்.

உதிக்கும் சூரியனைக் கிழக்குச் சுவரில் மாட்டினால் செல்வம் சேரும் என்று கடைக்காரர் சொன்னாராம். வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். புற ஊதாக் கதிர் மையின் நிறமூலக்கூறுகளை உடைத்துவிடும்.