கடிவாய் இல்லை என்றால் பாம்பு கடிக்கவில்லை என்றா அர்த்தம்?

பாம்புக்கடியோடு என்னிடம் வருவதில் இந்தக் கோடையில் இது மூன்றாவது குழந்தை. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

விடியற்காலை ஐந்தரை மணி. ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார் அப்பா. "வயிறு வலிக்குதுன்னு அழுதா மேடம், ரெண்டு தடவ வாந்தி. ராத்திரி பரோட்டா சாப்பிட்டா." வரும் வழியில் ஓர் இடத்தில் காட்டி, வாயுவுக்கு ஊசியும் போட்டாயிற்று. பழி முழுக்கப் பரோட்டா மேல். எனக்கு அவள் இமைகள்தான் கண்ணில் பட்டன. பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. "தூக்கக் கலக்கம் மேடம்" என்றார். எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது.

"ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?"

பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரரின் முந்திரித் தோப்பு. லீவு முடிவதற்குள் பிள்ளைகளுக்குக் கூடார வாசம் காட்ட வேண்டும் என்று இரண்டு நாள் ஏற்பாடு. அக்கினி நட்சத்திரப் புழுக்கத்தில் கூடாரம் இட்லிக் குண்டான் மாதிரி வெந்திருக்கிறது. ஜிப்பைத் திறந்துபோட்டு, காற்று வரட்டும் என்று பிள்ளைகளை வாசலோரம் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கட்டுவிரியன் என்றேன். அவர் நம்பவில்லை. "பூச்சி கடிச்சிருந்தா கடிவாய் இருக்கணுமே மேடம்? டார்ச் அடிச்சு உடம்பு முழுக்கப் பாத்துட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்பது! கட்டுவிரியனின் பல் மிகச் சிறியது. கடித்த இடம் வீங்காது, பெரும்பாலும் வலிக்காது, ரத்தமும் வராது. கொசு கடித்தது போல்கூடத் தெரியாமல் போகலாம். தூங்குகிற குழந்தை விழிக்கவே விழிக்காது. சினிமாவில் வருகிற இரண்டு சிவப்புப் புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கடிவாய் இல்லாததை வைத்துப் பாம்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தரையில் படுத்த குழந்தை விடியலில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்து, கூடவே இமை சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கத் திணறினாலோ, வேறு காரணம் தெரியும்வரை அது பாம்புக்கடிதான்.

பெயரும் நம்மை ஏமாற்றுகிறது. கட்டுவிரியன் உண்மையில் விரியன் இனமே இல்லை, நல்லபாம்பின் குடும்பம். விரியன் நஞ்சு போல ரத்தம் உறைவதைக் கெடுக்காது, இதன் நஞ்சு நரம்பைத்தான் தாக்கும். அதனால் இருபது நிமிட ரத்த உறைதல் சோதனை சரியாகவே இருக்கும். சக மருத்துவர்களே, அதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள்.

குழந்தைக்கு விஷமுறிவு மருந்தைக் குறைத்துப் போடும்படி ஒரு தாத்தா கெஞ்சினார். எடை பார்த்துப் போடும் மருந்தல்ல ஐயா அது. பிள்ளை சின்னது என்று பாம்பு நஞ்சைக் குறைத்துக் கொடுப்பதில்லை. பெரியவர்களுக்குப் போடும் அதே அளவுதான்.

அந்தப் பெண் நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். நரம்பு நுனியில் ஏறிவிட்ட நஞ்சை மருந்தால் பிடுங்க முடியாது. நரம்பு தானாகத் தேறும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். கைகால் அசையாமல், கண் திறக்காமல் கிடந்தவளைப் பார்த்து உறவினர்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்று அழாதீர்கள் என்று விரட்டினேன். ஐந்தாம் நாள் குழாயை எடுத்ததும், தொண்டை வலிக்கிறதென்று என்மேல்தான் கோபம்.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. என் பிள்ளைகளும் சவுக்குத் தோப்பில் தங்கியவர்கள்தான். ஆனால் வெறும் பாயை விரித்துத் தரையில் படுக்க வைக்காதீர்கள். தோப்பில் கயிற்றுக் கட்டில் கிடைக்கும், கேளுங்கள். கொசுவலையின் ஓரத்தை நான்கு பக்கமும் படுக்கைக்கு அடியில் செருகுங்கள். கூடாரம்தான் வேண்டுமென்றால் தரையோடு சேர்த்துத் தைத்தது, வலை ஜன்னல் வைத்தது வாங்குங்கள். புழுக்கமாக இருந்தாலும் ஜிப்பை மூடுங்கள். புழுக்கம் தாங்காதென்றால் மே மாதத்தில் போகாதீர்கள், தை மாதம் போங்கள். மீந்த சோறும் பிஸ்கட் துணுக்கும் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். உப்பு, பூண்டு, பினாயில் கோடெல்லாம் கோலம் போட்ட மாதிரிதான், பாம்பு தாண்டி வரும். இருட்டில் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்குச் செருப்பும் டார்ச்சும் கட்டாயம்.

சந்தேகம் வந்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். நம்மூர் விஷமுறிவு மருந்து ஒன்றே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேரும். குழந்தையை நடக்க விடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

கிளம்புவதற்கு முன்பே, வென்டிலேட்டர் உள்ள பெரிய மருத்துவமனை அங்கிருந்து எத்தனை நிமிடம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் எந்தக் கடையில் மலிவு என்று ஒரு வாரம் தேடியவர்தான் அந்த அப்பாவும்.