வம்பு எங்கே முளைக்கிறது?

"ப்ளாங்க்!"

இணையத்தின் தொடக்ககால விவாத வலையமைப்பான யூஸ்நெட்டின் குழுக்களில் ஒருவர் அத்துமீறி வம்பு வளர்த்தால், சலித்துப்போனவர் நீளமாகப் பதில் எழுத மாட்டார். இந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கிணற்றில் கல் விழுகிற ஓசை மாதிரி. உன் பெயர் என் 'கில் ஃபைல்' பட்டியலின் அடியில் விழுந்துவிட்டது, இனி நீ எழுதுவது எதுவும் என் திரைக்கு வராது என்று பொருள். இன்றைய 'பிளாக்' பொத்தானுக்கு அதுதான் பாட்டன்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. கதவைச் சாத்தியது நான் ஒருவன்தான். மற்றவர்கள் திரையில் அந்த ஆள் ஆடிக்கொண்டேதான் இருப்பார். அவர்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் மறுமொழி எழுதுவார், அந்த ஆளின் வாசகத்தையும் மேற்கோளாகச் சேர்த்து. முன்வாசலில் விரட்டியது கொல்லைப்பக்கமாக வந்துவிடும்.

எல்லாரும் சேர்ந்து எதிர்ப்பைக் காட்டினால் அடங்குவாரா? பின்னூட்டங்களுக்கு விழும் ஆதரவு, எதிர்ப்பு வாக்குகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. எதிர்ப்பு வாக்கு வாங்கியவர்கள் திருந்தவில்லை. முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், முன்பைவிட மோசமாகவும் எழுதினார்கள். இடத்தைக் காலி செய்யும் வாய்ப்பு அதிகம் இருந்தது, யாருமே கண்டுகொள்ளாமல் விட்டவர்களுக்குத்தான்.

அப்படியானால் இந்த வம்பர்கள் யார்? ஏதோ தனிப்பிறவிகள் என்று நினைப்பது நமக்கு வசதி. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017-இல் அந்த வசதியைக் கெடுத்தார்கள். ஆட்களைக் கூட்டி முதலில் ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எளிது, மீதிப் பேருக்கு வேண்டுமென்றே கடினம். எரிச்சலோடு எழுந்தவரையும் சிரித்தபடி எழுந்தவரையும் ஒரே செய்திக் கட்டுரைக்குக் கருத்து எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மேலேயே வம்புப் பின்னூட்டங்கள் தெரியும்படி வைத்தார்கள், சிலருக்குச் சாதாரணமானவை.

நல்ல மனநிலை, நல்ல சூழல் இரண்டும் வாய்த்தவர்கள் எழுதியதிலேயே 35% வம்புதான் (இதுவே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது). இரண்டில் ஒன்று கெட்டால் பாதியை நெருங்கியது. இரண்டும் கெட்டால் 68%. சிஎன்என் செய்தித் தளத்தின் கோடிக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களிலும் இதே சாயல் தெரிந்தது. இரவு ஏற ஏற வம்பு கூடியது, வாரத் தொடக்கத்திலும் கூடியது. ஓர் இடத்தில் சண்டை போட்டவர் சம்பந்தமே இல்லாத அடுத்த விவாதத்துக்கும் அந்தச் சூட்டைச் சுமந்துபோனார். நடுவில் நேரம் கடந்திருந்தால் சூடு தணிந்திருந்தது. கருத்துக்கும் கருத்துக்கும் இடையே காத்திருக்க வைக்கும் ஏற்பாடுகள் சும்மா வந்தவை அல்ல.

'நிழல் தடை' என்று இன்னொரு தந்திரம் உண்டு. எழுதியவர் கண்ணுக்கு மட்டும் அவர் பதிவு தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பதில் வராமல் சலித்து அவரே போய்விடுவார் என்பது கணக்கு. வேலை செய்யலாம். ஆனால் தவறாகச் சிக்கிய நல்லவர் ஒருவர் மாதக்கணக்கில் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். எனக்கு இது உவப்பில்லை.

தடை வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் ரெடிட் என்ற விவாதத் தளம் இரண்டு வெறுப்புக் குழுக்களை இழுத்து மூடியபோது பலர் தளத்தையே விட்டுப் போனார்கள். தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தபட்சம் 80% சரிந்ததாகப் பின்னர் அளந்தார்கள். ஆளைவிட இடம்தான் தூண்டிவிட்டிருக்கிறது.

இடத்தை முன்கூட்டியே சரிசெய்தால் என்ன ஆகும்? நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் ரெடிட்டின் அறிவியல் குழுவில், 2,190 உரையாடல்களில், இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார். குலுக்கல் முறையில் சில உரையாடல்களின் உச்சியில் மட்டும் குழுவின் விதிகளை ஒட்டிவைத்தார்கள். யாரையும் திட்டவில்லை, தடுக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் விதிக்கு உட்பட்டு எழுதுவது 8 சதவீதப் புள்ளிக்கு மேல் உயர்ந்தது. விதிப்பலகையைப் பார்த்துக் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நான் பந்தயம் கட்டியிருப்பேன். பேச வந்த புதியவர்களின் அளவு சராசரியாக 70% கூடியிருந்தது.