அறவியல்: எதிக்ஸ் என்பதற்கு நம் சொல்

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கின் அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். தலைப்பு, ‘அறவியல்: ஓர் அறிமுகம்’. அச்சகத்திலிருந்து திரும்பி வந்த தாளில் ‘அறிவியல்: ஓர் அறிமுகம்’ என்று இருந்தது. திருத்தி அனுப்பினேன். மறுபடியும் அறிவியல். மூன்றாம் முறை நேரிலேயே போய் நின்றேன். தட்டச்சு செய்யும் பெண் திரையைக் காட்டி, “நீங்கதான் ‘றி’ போட மறந்துட்டீகன்னு நானே போட்டேன் சார்” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அறவியல்னா அறநிலையத்துறைப் படிப்பா?” என்று கேட்டார்.

கேள்வியில் தப்பே இல்லை. செட்டிநாட்டுத் தெருக்களில் ‘அற’ என்று தொடங்கும் எழுத்து எங்கெல்லாம் கண்ணில் படுகிறது? கோயில் வாசலில் அறநிலையத் துறைப் பலகை, பள்ளிக்கூட மதிலில் அறக்கட்டளையின் பெயர். எல்லாம் கொடை சம்பந்தப்பட்டவை. ‘அறம் செய விரும்பு’ என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போதும் ‘தருமம் பண்ண ஆசைப்படு’ என்றுதான் பொருள் சொல்கிறோம். நகரத்தார் வணிகத்தில் ‘மகமை’ என்று ஒரு பங்கைத் தருமத்துக்காக எடுத்துவைத்தார்கள். அதற்குப் பேரேட்டில் தனிக் கணக்கே உண்டு. அழகப்பச் செட்டியார் இங்கே மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இப்படி ஓர் ஊரில் அறம் என்றதும் கொடுக்கிற கைதான் நினைவுக்கு வரும். எது சரி, எது தப்பு என்று ஆராயும் ‘எதிக்ஸ்’ என்ற பாடத்துக்கு அந்தச் சொல்லை வைக்கும்போது அது ஏன் பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் எதிக்ஸ். கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு. குறில் எகரத்தில் தொடங்கும் ‘எதோஸ்’ என்றால் பழக்கம். நெடில் ஏகாரத்தில் தொடங்கும் ‘ஏதோஸ்’ என்றால் குணம், இயல்பு. பழக்கத்தைக் குறிக்கும் சொல்லைச் சற்றே மாற்றித்தான் குணத்தைக் குறிக்கும் சொல் வந்தது என்று கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதுகிறார். ரோமானிய எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். குறிலும் நெடிலும் பிரித்து எழுதத் தெரிந்த நமக்கு அந்தச் சிறு மாற்றம் சட்டென்று புரிந்துவிடும். பழக்கம் நீண்டால் குணம், அவ்வளவுதான். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் சிசரோ இதற்கு லத்தீன் சொல் தேடினார். வழக்கம் என்று பொருள்படும் ‘மோஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘மொராலிஸ்’ என்று ஒன்றை உண்டாக்கினார். அவரும் நம்மைப் போலக் கலைச்சொல்லுக்கு அலைந்தவர்தான். ஆகவே எதிக்ஸ், மாரல் இரண்டுக்கும் வேர் பழக்கமும் வழக்கமும். இன்று பாடப்புத்தகங்கள் மாரல் என்பதை வாழ்கிற முறைக்கும், எதிக்ஸ் என்பதை அதைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் பிரித்துக்கொள்கின்றன. வேரில் அந்தப் பிரிவு கிடையாது.

தமிழில் அறத்தை ‘அறு’ என்ற வினையோடு சேர்த்துச் சொல்வது தமிழாசிரியர் மரபு. அறுத்தல் என்றால் வெட்டுதல் மட்டும் இல்லை. வரையறு, அறுதியிடு என்கிறோமே, அந்த அறு. ‘இதுவரைக்கும் போகலாம், இதற்கு மேல் கூடாது’ என்று கோடு கிழிப்பது. பரிமேலழகர் தம் திருக்குறள் உரையின் தொடக்கத்தில் அறத்துக்குச் சொன்ன விளக்கமும் இப்படித்தான்: விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும். அதையே அவர் ஒழுக்கம், வழக்கு, தண்டம் (தண்டனை) என்று மூன்றாகப் பிரிக்கிறார். கோயில் உண்டியல் அந்த மூன்றில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒழுக்கம், ஒழுகுவதிலிருந்து வந்தது. தண்ணீர் ஒரு வழியாக ஒழுகுவது போல, வாழ்க்கை ஒரு போக்கில் போவது. கிரேக்கத்து ‘பழக்கம்’ தமிழில் உட்கார இடம் தேடினால் இந்தச் சொல்லில்தான் உட்காரும். பாவம், இந்தச் சொல்லும் இன்று சுருங்கிப் போயிற்று. ‘ஒழுக்கமானவன்’ என்றால் ஆண் பெண் விஷயத்தை மட்டும் நினைக்கிறோம். சங்க இலக்கணக்காரர்கள் கல்யாணத்துக்கு முந்திய ரகசியக் காதலையே ‘களவொழுக்கம்’ என்று கூச்சமில்லாமல் அழைத்தார்கள்.

இனி பாடத்துக்குள் போவோம். அறிமுக வகுப்பில் மூன்று கொள்கைகள் சொல்வார்கள். ஒன்று, செயலின் விளைவைப் பார்ப்பது. ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலும், அப்புறம் அவர் நாட்டவர் மில் எழுதியதும் இந்த வழி. பலருக்கு நன்மை கூடுகிறதா, துன்பம் குறைகிறதா என்று கூட்டிக் கழிப்பது. ‘பயன்வாதம்’ என்ற சொல் இதற்குப் போதும். ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்ற குறள் இந்தப் பக்கம் ஒரு கால் வைக்கிறது. அடுத்த குறளே ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, கடமையைப் பார்ப்பது. ஆங்கிலத்தில் இதற்கு ‘டியாண்டாலஜி’ என்று வாயில் நுழையாத பெயர். கட்டாயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு இங்கே அருமையான சொல் கையிலேயே இருக்கிறது: கடன். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூற்றுத் தாய் சொன்னபோது அது கடமை. கடைவீதியில் சொன்னால் வட்டிக்கு வாங்கிய பணம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் ஊரில் இந்த இரண்டு பொருளும் ஒரே வாயில் புழங்கின. வாங்கிய கடன் திருப்பித் தரத் தரத் தீரும். மற்றது தீராது. வள்ளுவர் இதை இன்னும் கூர்மையாக்கி, ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று மழையைக் காட்டுகிறார். திரும்ப எதுவும் எதிர்பார்க்காத கடன் அது. அதனால் இந்தக் கொள்கைக்கு ‘கடப்பாட்டு அறம்’ என்பதுதான் என் தேர்வு. ‘கடமைவாதம்’ என்று எழுதுகிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவரிடமும் அவர் விலை கூட்டுவதில்லை. சின்னக் குழந்தை வந்தாலும் அதே விலைதான். நல்லவர்தானே என்போம். கான்ட் விடவில்லை. நேர்மையாக இருந்தால் வியாபாரம் நடக்கும் என்பதற்காக அப்படி இருக்கிறாரா, அல்லது அதுதான் செய்ய வேண்டியது என்பதற்காகவா? முதலாவது என்றால் செயல் சரி. ஆனால் அதற்கு அற மதிப்பு இல்லை என்கிறார்.

இதை வாசித்தபோது எங்கள் தெருமுனை மளிகைக் கடைதான் கண் முன்னால் வந்தது. எனக்கு ஆறு ஏழு வயது. அப்பத்தா நோட்டைக் கையில் திணித்து, நல்லெண்ணெயும் புளியும் வாங்கி வரச் சொல்வார். கடைக்காரர் மிச்சக் காசைப் பழைய நாள்தாளில் மடித்து, மேலே நூல் சுற்றி, என் டவுசர் பையில் அவரே போட்டு, பையின் வாயை ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். ஒரு நாளும் ஒரு காசு குறைந்ததில்லை. குறைந்தால் அப்பத்தா தெருவையே கூட்டியிருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எதனால் அப்படி இருந்தார் என்று கான்ட் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

கான்ட்டுக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கேள்வியை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் கேட்டுவிட்டார். புறநானூற்றின் 134ஆம் பாட்டு. இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனை ‘அறவிலை வணிகன்’ என்கிறார். வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்கிறார். அறத்தை விலைக்கு விற்கிற வணிகன்! இரண்டே சொல்லில் ஒரு கொள்கைப் போர். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஆய் ஏன் கொடுத்தான் என்பதற்குப் புலவர் தரும் காரணம், ‘சான்றோர் சென்ற நெறி’. கடமை, சட்டம் என்று அவர் போகவில்லை. நல்லவர்கள் நடந்து நடந்து உண்டான பாதை, அதிலே இவனும் நடந்தான். கான்ட் இதை ஏற்பாரா என்பது சந்தேகம். அரிஸ்டாட்டில் தலையாட்டுவார்.

ஏனென்றால் மூன்றாவது கொள்கை அவருடையது. எந்தச் செயல் சரி என்று கேட்பதற்கு முன்னால் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்பது. ‘பண்பு அறம்’ என்று சொல்லலாம். கொடுத்துக் கொடுத்தே ஒருவன் வள்ளல் ஆகிறான் என்பது அவர் வாதம். ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாடல் இதற்கு நேர் எதிர். சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, நட்பும் தயையும் கொடையும் மட்டும் பிறவிக்குணம் என்று முடித்துவிடுகிறது. பழக்கமா, பிறவியா? இந்த இடத்தில்தான் குழந்தைகளைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் உள்ளே வருகிறார்கள்.

சுவிட்சர்லாந்துக்காரர் பியாஜே, பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலி ஆடினார். விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டே ஆடினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்றால் பெரியவர்கள் போட்டது, மாற்றவே கூடாது. பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். 1932இல் வந்த அவர் நூலில் கோப்பைக் கதை ஒன்று உண்டு. ஒரு பையன் கதவைத் திறக்கும்போது பின்னால் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைக்கிறான். இன்னொருவன் ஜாமைத் திருடப் போய் ஒன்றை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு?

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரிடம் திண்ணையில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஜாமுக்குப் பதில் எங்கள் ஊர்ப் பலகாரம் மனகோலம் என்று மாற்றிக்கொண்டேன். ஐந்து வயதுப் பையன் யோசிக்கவே இல்லை: “பதினஞ்சு உடைச்சவன்தான். அவுக ஆத்தா அடிப்பாக.” பத்து வயது அக்காள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “அவன் தெரியாமல்ல உடைச்சான். மனகோலம் எடுக்கப் போனவன் களவாணி.” பியாஜே சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்துவிட்டதே என்று நான் மகிழ்வதற்குள் பையன் கேட்டான்: “அவனுக்குப் பசிச்சிருந்தா?” இரண்டு பேரைக் கேட்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பதை அவனே நினைவூட்டிவிட்டான்.

அமெரிக்க உளவியலாளர் கோல்பர்க் 1958இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிகாகோப் பையன்களிடம் ஹெய்ன்ஸ் கதையைச் சொன்னார். மனைவி சாகக் கிடக்கிறாள். 200 டாலர் செலவில் செய்த மருந்துக்குக் கடைக்காரர் 2000 கேட்கிறார். ஹெய்ன்ஸிடம் சேர்ந்தது 1000. திருடலாமா? இதைத்தான் நாம் ‘தருமசங்கடம்’ என்போம். இன்று அந்தச் சொல்லை, தெரிந்தவர் கடன் கேட்கும்போது நெளிவதற்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். கோல்பர்க்குக் கவலை, ஆமா இல்லையா என்பதில் இல்லை; சொல்லும் காரணத்தில். அதை வைத்து ஒழுக்க வளர்ச்சிக்கு மூன்று நிலை, ஆறு படி வகுத்தார். நடுவில் வரும் நிலையைத் தமிழில் ‘மரபு நிலை’ என்று பெயர்க்கிறார்கள். ‘வழக்க நிலை’ என்பது இன்னும் நெருக்கம். முன்வழக்கம், வழக்கம், பின்வழக்கம். எங்கள் வீட்டு மொழியில், ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பது முதலாவது. ‘நாலு பேரு என்ன சொல்லுவாக’ என்பது இரண்டாவது. செட்டிநாட்டுக் கல்யாணச் சீரில் பாதி இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. நாலு பேர் என்ன சொன்னாலும் இது சரியில்லை என்று ஒருத்தர் சொல்லத் துணிந்தால் மூன்றாவது. கடைவீதியில் ஒருவரிடம் ஹெய்ன்ஸ் கதையைச் சொன்னேன். அவர் திருட்டைப் பற்றிப் பேசவே இல்லை. “இருநூறுக்குப் பண்ணி ரெண்டாயிரத்துக்கு விக்கிறவனை முதல்ல விசாரிங்க” என்றார். அவரை எந்தப் படியில் வைப்பது?

கோல்பர்க் முதலில் கேட்டதெல்லாம் பையன்களை மட்டும். உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பெண்கள் பலர் உரிமை, நீதி என்று தராசு பிடிப்பதைவிட, யாருக்கு என்ன ஆகும், உறவு என்ன ஆகும் என்று யோசிப்பதை அவர் கேட்டார். அதைக் குறைந்த படி என்று சொல்லக் கூடாது, அது வேறு குரல் என்றார். இதற்கு ‘பரிவு அறம்’ என்று பெயர் வைக்கிறோம். எனக்குத் தோன்றும் சொல் வேறு: பாவம். திருடினால் பாவம் என்கிறோம். அந்தப் பொம்பளை பாவம் என்றும் சொல்கிறோம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துப் புழங்குகிறோம். கலைச்சொல் ஆகாது, சரிதான். ஆனால் பாடம் நடத்துகிறவர் இதை விட்டுவிடவும் கூடாது.

ஆக, பாடத்தின் பெயர் அறவியல். மேல்நிலைப் பள்ளியில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று ஒரு பாடமே இருப்பதால் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மாரல் என்பதற்கு ஒழுக்கம், ஒழுக்க வளர்ச்சி. கதையின் முடிவில் வருவது மட்டும் நீதி. ‘நீதிபோதனை’ பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட தலைமுறைக்கு இது தெரியும். தொழில்காரர்களுக்கான விதித்தொகுப்பை ‘நடத்தை நெறிகள்’ என்று எழுதுவேன். ‘நெறிமுறை’ என்றால் சிகிச்சை வரிசையா, கண்ணியமா என்று ஆஸ்பத்திரியில் குழப்பம் வருகிறது.

இதையெல்லாம் அச்சகத்துப் பெண்ணிடம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டார்: “அப்ப நாங்க பேசுறப்ப இதுக்கு என்னதான் சொல்றோம்?” யோசித்தால், தினம் ஐம்பது தடவை சொல்கிறோம். நியாயம். தர்க்கத்துக்கான வடசொல் தமிழ் வாய்க்கு வந்து ‘நாயம்’ ஆகி, அறம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. தலைப்புக்கு அதை வைக்க முடியாதா என்றார். கருத்தரங்குக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன்.

பில் எழுதும்போது ‘திருத்தம்’ என்ற வரிக்கு எதிரே தொகை போடாமல் நிமிர்ந்தார். “மூணு தாள் வீணாப் போச்சு. தப்பு என் பேர்லதான். ஆனா நீங்களும் முதல் தடவையே போன்ல ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நாயமா எம்புட்டுப் போட, நீங்களே சொல்லுங்க.”

பாதி போடச் சொன்னேன்.