எல்டர்பெர்ரி சிரப்: அடுப்பில் நடப்பது என்ன?

காட்டோரம் கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கும் எல்டர்பெர்ரியை (எல்டர் என்ற செடியின் சிறு கரும்பழம்) பறித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, தேன் கலந்தால் சளி இருமலுக்கு ஒரு சிரப் தயார். செய்முறை அவ்வளவுதான். ஆனால் இதில் கொதிக்கவைப்பது சாறு இறங்குவதற்காக மட்டும் அல்ல.

எல்டரின் இலை, தண்டு, காய், விதை எல்லாவற்றிலும் சாம்புநிக்ரின் என்ற பொருள் இருக்கிறது. சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் சயனைடு என்று இதைச் சொல்லலாம். பிணைப்பு இருக்கும்வரை சாது. அதை அறுக்கும் நொதியும் அதே செடியில்தான் இருக்கிறது, தனியாக அடைபட்டு. நசுக்கும்போது செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. மென்று தின்ன வரும் உயிர்களை விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், இலையும் தண்டும் சேர்த்துப் பிழிந்த, கொதிக்கவைக்காத சாற்றைக் குடித்தவர்களில் 8 பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

நல்லவேளையாக, ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ்தான். மூடாத பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதித்தால் பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். அதனால் காற்றோட்டமான இடத்தில், மூடி போடாமல் கொதிக்கவிட வேண்டும். காய்களையும் காம்புகளையும் அதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். முள்கரண்டியால் கோதினால் பழங்கள் சுலபமாக உதிரும். இன்னொன்று, போக்வீட் என்ற நச்சுச் செடியின் கரும்பழங்களை எல்டர்பெர்ரி என்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. போக்வீட் பழங்கள் நீளமான சரமாக இருக்கும். எல்டர் கொத்து குடைபோல விரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் பறிக்கவே கூடாது.

சரி, விஷம் போயிற்று. மருந்து?

பழத்துக்கு அடர்நிறம் தரும் ஆந்தோசயனின்களைத்தான் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். சோதனைக்குழாயில் இவை வைரஸ்களைத் தடுப்பது போலத் தெரிகிறது. உடலிலோ, குடித்ததில் மிகச் சிறிய பங்கே மாறாமல் ரத்தத்தில் சேர்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 60 ஃப்ளூ நோயாளிகள் பங்கேற்றார்கள். எல்டர்பெர்ரி எடுத்தவர்களுக்கு 4 நாள் முன்னதாகவே குணமானது என்றது அது. 2020இல் 87 பேரிடம் நடந்த சோதனையில் எந்தப் பலனும் தெரியவில்லை. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். என் கணக்கில், அந்தப் பாட்டிலில் ஓரளவு நம்பக்கூடிய சரக்கு தேன்தான்: இரவு இருமலைத் தேன் குறைப்பதாகக் குழந்தைகளிடம் நடந்த பல சோதனைகள் காட்டியிருக்கின்றன.

அதே தேனைக் கெடாமல் காக்கும் பொருளாகவும் நம்பிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். தேனில் நீர் சுமார் 18 சதவீதம்தான். அதையும் சர்க்கரை இறுகப் பிடித்துவைத்திருப்பதால் கிருமிகள் வளர நீர் கிடைப்பதில்லை. சாற்றில் கலந்து நீர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு காலி. அதோடு, போட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளராமல் இருக்கப் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். எல்டர்பெர்ரிச் சாறோ அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது, சில வகைகளில் அதைத் தாண்டியும் விடுகிறது. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அமிலம் கூடும், நிறமும் சிவப்புப் பக்கம் நகரும். ஆனால் எவ்வளவு கூடியது என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடுவது நல்லது; அதற்கு மேல் வேண்டுமென்றால் உறைய வைக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் பெரியவர்கள் குடலில் அடங்கிக் கிடக்கும், அந்த வயதில் முளைத்துவிடலாம்.